முகமும் பெயரும்

ஒரு பெண்ணின் முகம் நிலைத்திருக்க, அவள் பெயர் மறைந்து போவதுண்டு. பெயர் நிலைத்திருக்க, முகம் இன்னதென்று எவருக்கும் தெரியாமற் போவதுமுண்டு. இவ்விரண்டுக்கும் திண்டுக்கல் வட்டாரத்திலேயே சான்றுகள் உள.

திண்டுக்கல் நகரில் பேகம்பூர் என்றொரு பகுதி இருப்பதை நம் வாசகர்கள் பலர் அறிவர். 1755-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தவர் ஹைதர் அலி. அவருடைய தங்கை அமீருன்னிஸா பேகம் பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியிருப்பதாக ஊர் மரபு கூறும். மக்கள் அந்த அம்மையாரை நினைவிற் கொள்வது ஓவியத்தால் அன்று, பெயரால். ஒரு பகுதி முழுவதும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே நகருக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ளது தாடிக்கொம்பு. அங்குள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களில், விசயநகர நாயக்கர் காலச் சிற்பிகள் செதுக்கிய உருவங்கள் புகழ்பெற்றவை. அவற்றுள் ஒன்று ரதியின் உருவம். அந்த முகத்தைச் செதுக்கியபோது சிற்பியின் மனத்தில் எந்தப் பெண்ணின் முகம் இருந்ததோ, யாரறிவார்? முகம் கல்லில் நிற்கிறது. பெயரோ தேவியின் பெயராகிவிட்டது.

இவ்விரு முனைகளுக்கும் நடுவே வந்து நின்றது நிழற்படம். அதிலிருப்பது கற்பனை முகம் அன்று; உயிரோடிருந்த ஒரு பெண்ணின் முகம். ஆனால் அப்படத்தின் கீழே எந்தப் பெயரை எழுதுவது? விக்டோரியா மகாராணியார் காலத்துப் படக்கலைஞர்கள் இவ்வினாவுக்கு அளித்த விடைகளை ஆராய்ந்தால், கலை வரலாறு மட்டுமன்றி நம் மக்களின் வரலாறும் ஒருசிறிது புலனாகும்.

படிக்கும் முறை

ஓர் உருவத்தைக் கண்டு அது யாருடையது எனத் துணிவதற்கு நம் நாட்டில் நெடுங்காலமாகவே ஒரு முறை உண்டு. கையில் கரும்பு வில் இருந்தால் அவன் மன்மதன். அவனுக்கு இணையாக நிற்பவள் ரதி. முகத்தைக் கொண்டு நாம் அவர்களை அறிவதில்லை. கையிலுள்ள பொருள், நிற்கும் நிலை, அணிகலன், ஊர்தி ஆகியவற்றைக் கொண்டே அறிகிறோம். ஐரோப்பிய ஓவியத்திலும் இம்முறையே உண்டு. வெண்ணிற லில்லி மலரோடு வானவர் ஒருவர் கன்னியொருத்தியின் முன் நின்றால், அது அன்னை மர்யம் (அலை) அவர்களுக்கு நற்செய்தி அறிவிக்கப்பட்ட காட்சி. உடைந்த சக்கரத்தின் அருகே ஒரு நங்கை நின்றால், அவள் கிறித்தவர் போற்றும் காத்தரீன் என்னும் புனிதவதி. இவ்வடையாளங்களைத் தேர்ந்து, பழங்கதைகளோடு பொருத்திப் பொருள் காண்பது கலை வரலாற்றறிஞர் பணிகளுள் ஒன்று.

உருவ வழக்கமில்லாத நமக்கு இம்முறை அயலானதோ எனின், அன்று. உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்பொழுது, வயலும் வாய்க்காலும் உழவரும் நிறைந்த தமிழ் மருத நிலமாகவே பாடினார். காப்பியத் தலைவரின் நாட்டை அவ்வாறு வளமுறப் பாடுவது தமிழ் மரபு. அம்மரபை அறியாதவர், புலவர் பாலைவனத்தில் நெல் விளைவித்தார் என நகைப்பர். அறிந்தவரோ, தலைவர்பால் புலவர் கொண்ட பேரன்பை அதிற் காண்பர். நிழற்படத்துக்கும் இத்தகைய மரபு உண்டு. அதனை அறியாமல் பார்ப்பது, நாட்டுப் படலத்தைப் பூகோள நூலாகப் படிப்பதை ஒக்கும்.

கல்கத்தாவில் பிறந்த கலைஞர்

விக்டோரியா காலத்துப் பெண்டிர் படங்களுள் தலைசிறந்தவற்றை எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் அம்மையார். அவர் 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. தாயார் பிரெஞ்சு வழியினர். அவ்வழியில் பாட்டியார் புதுச்சேரியைச் சேர்ந்த குடும்பத்தவர். 1838-இல் அம்மையார் சார்லஸ் ஹே கேமரன் என்னும் சட்ட அறிஞரை மணந்தார். இலங்கையின் ஆட்சிமுறையைத் திருத்தியமைத்த 1833-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களோடு கோல்புரூக் – கேமரன் எனச் சேர்த்து வழங்கப்படும் பெயருள் இரண்டாவது அவருடையதே. இலங்கை மலைநாட்டில் அவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன.

1848-இல் இக்குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860-இல் வைட் தீவில் வாங்கிய இல்லத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘டிம்போலா’. இலங்கையின் டிம்புலா மலைப்பகுதியின் பெயரே அது. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குப் பயனுண்டு.

1863-ஆம் ஆண்டு இறுதியில் மகளும் மருமகனும் அம்மையாருக்குப் படப்பெட்டி ஒன்றைப் பரிசளித்தனர். அப்பொழுது அவருக்கு அகவை 48. கோழிக்கூண்டைக் கண்ணாடி அறையாகவும், கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு அவர் பணி தொடங்கினார். அக்கால முறைப்படி கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னரே படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். அம்மையார் பெரிய தகடுகளைக் குறைந்த வெளிச்சத்தில் பயன்படுத்தியதால், முன்னிருப்பவர் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு நேரம் புன்னகையை நிறுத்தி வைத்தல் எளிதன்று. அப்படங்களில் நாம் காணும் ஆழ்ந்த சோகத்துக்கும் தாழ்ந்த விழிகளுக்கும் இதுவும் ஒரு காரணம். கதையைத் தேடுமுன் கருவியை அறிந்துகொள்ளுதல் நன்று.

பணிப்பெண்ணும் மர்யமும்

அம்மையாரின் இல்லத்திற் பணிபுரிந்தவள் மேரி ஹில்லியர் என்னும் நங்கை. தலையில் முக்காடு, ஒருபுறம் சாய்ந்த முகம், மடியில் குழந்தை. இக்கோலத்தில் அவளை அம்மையார் பன்முறை படமெடுத்தார். ரஃபேல் முதலிய இத்தாலிய ஓவியர்கள் அன்னை மர்யமைத் தீட்டிய கோலம் அது. 1865-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அவர் வழங்கிய ஒன்பது படங்களின் தொகுதி இவ்வகையைச் சார்ந்ததே. அன்பு, மகிழ்ச்சி, அமைதி எனப் படத்துக்கொரு நற்பண்பின் பெயர் சூட்டப்பட்டது. ஊரார் அப்பெண்ணை ‘மேரி மடோனா’ என்றே அழைத்தனர்.

அன்னை மர்யம் (அலை) நமக்கும் கண்ணியத்துக்குரியவர்கள். திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் பெண்மணி அவர்கள் ஒருவரே. 19-ஆம் அத்தியாயம் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் திருமறை காட்டுவது, பேறுகால வேதனையோடு பேரீச்ச மரத்தடியில் தனித்திருந்த தாயை. இத்தாலிய ஓவியர் காட்டியதோ, பெரும்பாலும் அரியணையிலும் பூங்காவிலும் அமர்ந்த அரசியை. கேமரன் அம்மையாரின் படத்தில் அரியணையும் இல்லை, பொன் வட்டமும் இல்லை. உழைத்துக் காய்த்த கையும் களைத்த முகமும் கொண்ட ஒரு பணிப்பெண் இருக்கிறாள். ஓவிய மரபிலிருந்து கோலத்தை எடுத்துக்கொண்ட அம்மையார், அரசியின் ஆடம்பரத்தை விட்டுவிட்டார். மரபை அறிந்து பார்ப்பவருக்கே இந்த வேறுபாடு தெரியும்.

அதே மேரி ஹில்லியர் 1865-இல் கிரேக்கக் கவியரசி சாப்போ ஆகவும் தோன்றினாள். அப்படத்தில் அவள் முகம் முற்றிலும் பக்கவாட்டில் திரும்பியுள்ளது. 15-ஆம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகரத்துச் செல்வர்கள் தம் இல்லத்துப் பெண்டிரை அவ்வாறே தீட்டுவித்தனர். செல்வர் வீட்டுப் பெண்ணுக்குரிய கோலத்தையும் புலவருக்குரிய பெயரையும் அம்மையார் ஒரு பணிப்பெண்ணுக்கு அளித்தார்.

1866-ஆம் ஆண்டுப் படமொன்றில் மே பிரின்செப் என்னும் உறவுப் பெண் தலையில் துணி சுற்றி, துயர் தோய்ந்த விழிகளோடு நம்மை நோக்குகிறாள். பெயர் பியாட்ரிஸ். கொடுந்தந்தையைக் கொன்றதற்காக 1599-இல் ரோமாபுரியில் தலை துணிக்கப்பட்ட பியாட்ரிஸ் சென்சியே அவள். கைடோ ரெனி தீட்டியதென அன்று நம்பப்பட்ட ஓர் ஓவியத்தின் சாயலில் இப்படம் அமைந்தது. அவ்வோவியம் ரெனியுடையது அன்று எனப் பிற்கால அறிஞர் பலர் கருதினர். ஆயினும் அதனால் இப்படத்தின் பொருள் குன்றவில்லை. விக்டோரியா காலத்து நாகரிக இல்லங்களில் வாய்விட்டுக் கூற இயலாத ஒரு கொடுமையை, பழங்கதையின் பெயரால் அம்மையார் சுவரில் மாட்டும்படி செய்தார் என்பதே நாம் அறிய வேண்டுவது.

சாவி திறப்பதும் பூட்டுவதும்

இவ்வாறு கலை வரலாறும் புராணமும் நமக்குச் சாவிகளாகின்றன. ஆனால் திறக்கும் சாவியே பூட்டவும் செய்யும். திண்டுக்கல்லாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை!

1872-இல் கேமரன் அம்மையார் ‘பொமோனா’ என்ற பெயரில் ஒரு படம் எடுத்தார். பொமோனா என்பவள் உரோமர் கதைகளில் வரும் கனிகளின் தேவதை. தன்னை விரும்பி வருவோரைப் புகவிடாமல் தோட்டத்தின் கதவை அடைத்துக்கொண்டவள். படத்தில் அடர்ந்த இலைகளின் முன், இடுப்பில் ஒரு கை ஊன்றி, நேர்கொண்ட பார்வையோடு நிற்பவள் ஆலிஸ் லிடல். அவள் சிறுமியாயிருந்தபொழுது லூயிஸ் கரோல் கந்தலாடை உடுத்திப் பிச்சைக்காரச் சிறுமியாகப் படமெடுத்தார். ‘அற்புத உலகில் ஆலிஸ்’ என்னும் கதை பிறந்ததும் அவள் பொருட்டே. ஒருவர் அவளை இரவலச் சிறுமியாக்கினார், மற்றவர் தேவதையாக்கினார். இரண்டிலும் மாறாதது அந்த நேர்ப்பார்வை ஒன்றே. பொமோனாவின் கதையை அறிந்தவர், அடைத்த கதவை அப்பார்வையிற் காண்பர். அங்கே புராணம் சாவியாகித் திறக்கிறது. ஆனால் தன் சொந்தப் பெயரில், ஆலிஸாகவே அவள் நிற்பதற்கு அவ்விரு படங்களிலும் இடமில்லை.

ஆடவர் நிலை வேறு. கவிஞர் டென்னிசன், விஞ்ஞானிகளான ஹெர்ஷல், டார்வின், அறிஞர் கார்லைல் ஆகியோரையும் அம்மையார் படமெடுத்தார். அப்படங்களின் கீழே அவரவர் பெயரே உள்ளது. 1926-இல், அம்மையாரின் தமக்கை தங்கையர் வழிவந்த எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப், ரோஜர் ஃபிரை என்னும் கலை அறிஞருடன் இணைந்து இப்படங்களைத் தொகுத்து வெளியிட்டார். அந்நூலின் பெயர், ‘புகழ்மிக்க ஆடவர், எழில்மிகு மாதர்’ எனப் பொருள்படுவது. ஆடவருக்குப் புகழ், மாதருக்கு எழில். இந்தப் பங்கீட்டை அத்தலைப்பே வெளிப்படுத்திவிடுகிறது.

மற்றொரு பணிப்பெண் மேரி ரயன். இலண்டனுக்கு அருகே தாயோடு இரந்து நின்ற அயர்லாந்துச் சிறுமியை அம்மையார் இல்லத்திற் சேர்த்து வளர்த்தார். ஷேக்ஸ்பியர் நாடகத்து மிராண்டாவாக அவள் அமர்ந்த படமும் உண்டு. கண்காட்சியொன்றில் அவளையும் அவள் படத்தையும் கண்டு காதல் கொண்ட ஹென்றி காட்டன் என்னும் இளைஞர் 1867-இல் அவளை மணந்து இந்தியாவுக்கு அழைத்து வந்தார். அவர் 1896 முதல் 1902 வரை அஸ்ஸாமின் தலைமை ஆணையராயிருந்து, தேயிலைத் தோட்டக் கூலிகளின் ஊதியத்தை உயர்த்த வேண்டுமென வாதாடித் துரைமார்களின் பகையைத் தேடிக்கொண்டவர். 1904-இல் பம்பாயில் கூடிய இந்தியக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. புராணப் பெயர் ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்வையே மாற்றியதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

களுத்துறையில் மறைந்த பெயர்கள்

டிம்போலா இல்லத்தின் செலவுகளுக்கு இலங்கைக் காப்பித் தோட்டங்களின் வருவாயையே அக்குடும்பம் பெரிதும் நம்பியிருந்தது. அத்தோட்டங்களில் பாடுபட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழ்க் கூலிகள். மதுரை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே நடந்து, கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு ஏறியவர்கள் அவர்கள். 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் வரை திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்தின் பகுதியே. மேரி ஹில்லியரை மர்யமாகக் காட்டிய கண்ணாடித் தகடுகளின் விலையில் அத்தமிழர்களின் வியர்வையும் கலந்திருந்தது எனின் அது மிகையாகாது.

1869-இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் காப்பிப் பயிரை அரிக்கத் தொடங்கியது. 1875-இல் கேமரன் குடும்பம் இலங்கைக்கே குடிபெயர்ந்தது. மேற்குக் கரையிலுள்ள களுத்துறையில் அம்மையார் மீண்டும் படப்பெட்டியை நிறுவினார். 1877-இல் அங்கு விருந்தினராகத் தங்கிய ஓவியர் மேரியன் நார்த், நண்பகல் வெயிலில் சால்வை போர்த்தித் தம்மை நிறுத்தி அம்மையார் படமெடுத்ததைச் சுவைபட எழுதியுள்ளார்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. சிங்கள மக்களும் தோட்டத் தொழிலாளரான தமிழரும் அவற்றில் இருப்பதாக ஆய்வாளர் கருதுவர். ஒருபுறமிருந்து விழும் அதே மெல்லொளி, கிரேக்கத் தேவியரைப் போல் மடிப்பு மடிப்பாய் வீழும் சேலை, அசையா நிலை, ஆழ்ந்த பார்வை. வைட் தீவில் கையாண்ட கலையையே அவர் இங்கும் கையாண்டார். ஈரத்தகடு நீல ஒளியையே மிகுதியாக ஏற்பதால், மாநிற மேனியும் படத்திற் கறுத்துத் தோன்றும். அதையும் மனத்திற் கொண்டு நோக்கினால், பணிப்பெண் மேரிக்குத் தந்த கண்ணியத்திற் சிறிதும் குறையாத கண்ணியம் இம்முகங்களிலும் இருப்பதைக் காணலாம்.

ஆனால் படத்தின் கீழே நோக்குவோமாக. மர்யம் இல்லை, சாப்போ இல்லை, பொமோனாவும் இல்லை. பல படங்களுக்குத் தலைப்பே இல்லை. 1878-ஆம் ஆண்டுப் படமொன்றில் இரு பெண்டிரும் ஒரு முதியவரும் உள்ளனர். களுத்துறைக் குடியானவர் எனக் குறித்து, பெண்ணுக்கு வயது 12 என்றும், முதியவர் தம்மை அவள் தந்தை எனவும் நூறு வயதினர் எனவும் கூறுகிறார் என்றும் அம்மையார் எழுதி வைத்தார். வயது உண்டு, உறவு உண்டு; பெயர் மட்டும் இல்லை. கண்ணகியையும் சீதையையும் தமயந்தியையும் கொண்ட நாடுகளுக்கு அருகிருந்தும், இப்பெண்டிர்க்கு ஒரு பழங்கதையின் பெயர் அவருக்குத் தோன்றவில்லை. அம்மையார் 1879-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் மலைநாட்டில் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கமானார்.

இது ஒருவர் குறை அன்று. அக்கால ஆட்சியின் பார்வையே அது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ஆங்கில அரசு சார்பில் வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் நிழற்பட நூலில், ஆண் பெண் பெரும்பாலோர் குலப் பெயராலும் இனப் பெயராலுமே குறிக்கப்பட்டனர். அங்கே ஒரு முகம் ஒரு சாதிக்கு மாதிரி. ஓர் ஆளுக்கு உரியதன்று.

பஞ்சத்தின் முகங்கள்

கேமரன் அம்மையார் களுத்துறையிற் படமெடுத்த அதே 1876 முதல் 1878 வரையான ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1875-இல்தான் திருச்சியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை திண்டுக்கல் வழியே திறக்கப்பட்டிருந்தது. மழையை நம்பிய இப்புஞ்சைச் சமவெளி காய்ந்தபொழுது, மக்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டு நீங்கினர். இலங்கைத் தோட்டங்கள் பலருக்குப் புகலிடமாயின.

அப்பஞ்சத்தையும் ஒருவர் படமெடுத்தார். வில்லோபி ஹூப்பர் என்னும் ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமான தாயரையும் மக்களையும் வரிசையாக அமர்த்தி எடுத்த படங்கள் உலகெங்கும் பரவின. வற்றிய மார்போடு குழந்தையை அணைத்த தாய் ஒருத்தி, ஐரோப்பியர் நன்கறிந்த அன்னையின் கோலத்திலேயே அமர்ந்திருக்கிறாள். கலை வரலாறு கற்றவர் கண்ணுக்கு அவ்வொற்றுமை தப்பாது. ஆயின் அவளை மர்யம் என எவரும் எழுதவில்லை; அவள் பெயரைக் கேட்டு எழுதி வைக்கவுமில்லை. ஒரே கோலத்திலிருந்த இரு தாயருள் ஒருத்தி நற்பண்புகளின் வடிவமானாள்; மற்றொருத்தி பஞ்சத்தின் புள்ளிவிவரமானாள். கோலத்தை மட்டும் நோக்கினால் இந்த அநீதி தென்படாது. கோலத்தையும் பெயரையும் ஒருங்கே நோக்கினால்தான் தென்படும்.

பெயர் என்னும் அமானிதம்

ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் எல்லாவற்றின் பெயர்களையும் கற்பித்ததாகத் திருமறை கூறுகிறது. வானவர்க்கும் கிட்டாத அவ்வறிவு மனிதனுக்கு அளிக்கப்பட்டது. ஒருவரைப் பெயர் சொல்லி அறிவது அவரை மனிதராக மதிப்பதாகும். உருவப் படம் பற்றி மார்க்க அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை ஈண்டு ஆராய வேண்டுவதில்லை. படம் வேண்டுவோரும் வேண்டாதோரும் ஒருங்கே ஒப்புக்கொள்ளத் தக்கது, பெயரைப் பேணும் கடமை.

இக்கடமையில் நாமும் தவறியவர்களே. குடும்ப வரலாறு எழுதப் புகுந்தால் பாட்டனார், பூட்டனார் பெயர்களை அடுக்குகிறோம். பாட்டியார் பெயரைக் கேட்டால் மௌனமாகிறோம். ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய தாயார்’ என்பதோடு நின்றுவிடுகிறோம். பழைய பெட்டிகளில் மங்கிப்போன படங்கள் கிடக்கின்றன. அவற்றிலிருப்பவர் யாரெனச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

பேகம்பூரைக் கடந்து செல்வோர், தாம் முகமறியாத ஓர் அம்மையாரை நாள்தோறும் நினைவுகூர்கின்றனர். பெயருக்குள்ள ஆற்றல் அது. களுத்துறையில் படப்பெட்டியின் முன் மூச்சடக்கி நின்ற அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அப்பேறு கிட்டவில்லை. அவள் பெயரை இனி மீட்க வழியில்லை. நம் இல்லங்களிலுள்ள படங்களுக்கேனும், அறிந்தவர் இருக்கும்பொழுதே கேட்டு, பின்புறத்தில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைப்போமாக.